முத்துச்சிப்பி ஆய்வும் இழையப் பதன வரலாறும்

புத்தளம் மாவட்டக் கரையின் கற்பிட்டியும் சிலாபமும் முத்துக்குளிப்பு வரலாற்றோடு நெடுங்காலம் பிணைந்தவை. 'சலாபம்' என்னும் சொல் முத்துக்குளிப்பைக் குறிப்பது. சிலாபம் என்ற ஊர்ப்பெயர் அதனின்றும் பிறந்ததென்பாரும் உளர். இக்கரையை அடுத்தும் அதற்கு வடக்கேயும் மன்னார்க்குடாவிற் பரந்து கிடக்கும் பார்களிற் சிப்பி சில ஆண்டுகளிற் பெருகுவதும், பின்னர்ப் பல்லாண்டுகள் அற்றுப்போவதும் ஆட்சியாளருக்குப் புதிராகவே இருந்தன.

முத்தின் தோற்றத்தில் ஒட்டுண்ணிப் புழுக்களுக்குப் பங்குண்டு என்னும் கருத்தை 1859இல் இலங்கையிற் பிறந்த மருத்துவர் கெலாட் முன்வைத்தார். 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹேட்மன், உதவியாளர் ஹோர்னெலுடன் இப்பார்களை ஆராய்ந்தார். அவரது அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. நாடாப்புழுவின் குடம்பியே சிறந்த முத்துக்களின் கரு என்பது அவர் முடிபு.

அம்முடிபு பதனமுறையைச் சார்ந்து நின்றது. அக்கால வழக்கப்படி சிப்பியின் இழையம் மதுசாரத்திலோ போமலினிலோ நிலைப்படுத்தப்பட்டு, நீர் அகற்றப்பட்டு, மெழுகிற் பதிக்கப்பட்டு, மென்சீவல்களாக வெட்டப்பட்டுச் சாயமூட்டப்படும். முத்தோ அமிலத்தில் இடப்படும். சுண்ணாம்பு கரைய, சேதனப் படலமும் கருவும் எஞ்சும். சுண்ணாம்பே கருவாயின் அதுவும் அமிலத்தில் அழிந்துவிடுமன்றோ! 1912இல் ஜேம்சன் இக்கோட்பாட்டை மறுத்து, புழுக் குடம்பியைக் கருவாகக் கொண்ட முத்துக்கள் அரியன என வாதித்தார்.

இது ஏட்டளவில் நின்ற வாதமன்று. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே பார்கள் தனியார் நிறுவனமொன்றுக்குக் குத்தகையாயின. 1907க்குப் பின்னரோ 1925 வரை குளிப்பே நிகழவில்லை. முத்தின் கருவை அறிந்தமை சிப்பியின் வரவைக் காக்கவில்லை.

1997இல் காப்ரியோலி குழுவினர் திணிவு நிறமாலை கொண்டு இழையத்தின் மூலக்கூற்றுப் படத்தை வரையும் முறையை வெளியிட்டனர். இதிலும் பதனமே முதற்படி. இழையம் விரைந்து உறையவைக்கப்பட்டு, ஏறத்தாழ 10 மைக்கிரோமீற்றர்த் தடிப்பிற் சீவப்படும். பதிக்கும் பசை குறிகைகளைக் குழப்புமாதலின் இயன்றவரை தவிர்க்கப்படும். புரதத்தைத் தேடுவோர் மதுசாரத்தாற் கழுவுவர். அக்கழுவலிற் கொழுப்பு நீங்கும். சீவல்மீது தூவப்படும் தாங்குபொருளில் ஈரம் மிகின் மூலக்கூறுகள் இடம்பெயரும், படம் பொய்க்கும்.

கருவிகள் மாறின, படிப்பினை மாறவில்லை. எதைக் கரைத்தோம், எதைக் கழுவினோம் என்பதை மறந்த ஆய்வாளன், எஞ்சியதையே முழு உண்மையெனக் கொள்வான். மன்னார்க்குடாவின் முத்து நமக்குணர்த்தும் வரலாறு இதுவே.