முட்டுச்சாளையில் ஏழு நாள்

பூப்பெய்திய பெண்ணைத் தனியே வைக்கும் வழக்கம் கொல்லங்கோட்டு மலையடிவாரத்தில் பழையது. அடுத்த சித்தூர்ப் பகுதிக் காடுகளில் வாழ்ந்த எரவாளர் என்னும் பழங்குடியினரிடம் அது இருந்த விதத்தை, பாலக்காட்டுக்காரரான எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் பதிவுசெய்தார். 1909இல் எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய தம் தொகுதிகளில் அதை எடுத்தாண்டார். அன்று கொல்லங்கோடு மலபார் மாவட்டத்திலும், சித்தூர் கொச்சி சமஸ்தானத்திலும் இருந்தன. எரவாளரின் பேச்சு பெரும்பாலும் தமிழே.

வீட்டிலிருந்து ஒரு பர்லாங்கு, அதாவது சுமார் 200 மீட்டர் தள்ளி, ‘முட்டுச்சாளை’ என்ற குடிசை போடுவார்கள். சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போய்விட, பெண் வந்து எடுத்துக்கொள்வாள். பெரியவர்கள் தீட்டுக்கு அஞ்சி அண்டமாட்டார்கள்; தோழிகள் சிலர் மட்டும் போய்த் துணையிருக்கலாம். ஏழாம் நாள் காலையில் குளியல், வீடு புகுதல், உறவுக்கு விருந்து. ஏற்கெனவே மணமான சிறுமி என்றால் கணவனும் செலவில் பங்கு தருவான். தூரம், தீட்டு, செலவு எல்லாம் குறிப்பில் உண்டு. அந்த இரவுகளில் அவள் அஞ்சினாளா என்பது மட்டும் இல்லை. கேட்டவர் ஆண்; சொன்னவர்களும் ஆண்களாகவே இருந்திருக்கக்கூடும்.

தானே நாடும் தனிமையும் பிறர் விதிக்கும் விலக்கும் ஒன்றல்ல. வளரிளம் பருவத்தில் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வழிவகுப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். வெட்கமும் அச்சமும் சேர்ந்தால் பாரம் கூடும். முட்டுச்சாளையில் அந்தப் பாரத்தைக் குறைத்திருக்கக்கூடியவை இரண்டு: முடியும் நாள் முன்பே தெரியும், தோழிகள் வருவார்கள். தீட்டைவிட இந்தத் தோழிகளே அக்குறிப்பில் கவனிக்கத்தக்கவர்கள்.

துணையில்லாத குடிசை உயிருக்கே ஆபத்து. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில், பட்டுக்கோட்டை அருகே பூப்பெய்தித் தனிக்குடிசையில் வைக்கப்பட்டிருந்த சிறுமி மரம் விழுந்து இறந்தாள். குளிரிலும் புகையிலும் பாம்புக்கடியிலும் பலர் இறந்த நேபாளம், மாதவிலக்குக் குடிசைக்கு அனுப்புவதை 2017இல் குற்றமாக்கியது.

இடுக்கி மலைகளின் முதுவர் பழங்குடியினர் இளையோரைப் பிரித்தது வேறு விதம். மணமாகாத ஆண்பிள்ளைகள் இரவில் ஊர்ச் சாவடியில் கூட்டாகப் படுப்பார்கள். குமரிகளுக்கும் அப்படியே வேறோர் இடம். அது பிரிவுதான், ஒதுக்கம் அல்ல. அவர்களின் மாதவிலக்குக் குடிசையோ பிரிவும் ஒதுக்கமுமாக இருந்தது. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடியில், அக்குடிசைக்குப் போகாமல் இருக்கவே முதுவப் பெண்கள் கருத்தடை மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கிவந்தது பின்னர் செய்திகளில் வெளிப்பட்டது.