அனுமதி மறுப்பின் வரலாறு: பகிர்வுக் கணனி முதல் லினக்ஸ் வரை

லினக்ஸ் பணிசெயல் முறைமையைப் புதிதாகக் கற்கப் புகும் ஒருவர் எதிர்கொள்ளும் முதல் இடர்ப்பாடுகளுள் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் அறிவித்தலும் ஒன்றாகும். கணனி தன்னுடையது, கோப்பும் தன்னுடையது, அவ்வாறிருக்கத் தன்னை மறுப்பதற்கு இயந்திரத்திற்கு என்ன உரிமை உண்டு என்ற வினா அவருள்ளத்தில் எழுதல் இயல்பே. ஒரே கணனியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய காலத்தின் வரலாற்றிலேயே இவ்வினாவுக்கான விடையைத் தேடவேண்டியுள்ளது.

1961ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பற்றோவும் அவரது குழுவினரும் சீ.ரீ.எஸ்.எஸ். எனப்பட்ட நேரப்பகிர்வு முறைமையைச் செயல்படுத்திக் காட்டினர். பலர் தத்தம் முடிவிடங்களிலிருந்து ஒரே கணனியைப் பயன்படுத்த இது வழிவகுத்தது. ஒருவரது கோப்பை மற்றவரிடமிருந்து காக்கும் தேவையும் உடன் பிறந்தது. ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புறையும் கடவுச்சொல்லும் வழங்கப்பட்டன.

ஆயினும் 1966இல் அங்கு நிகழ்ந்த சம்பவமொன்று சிந்திக்கத்தக்கது. ஒருநாள் முறைமைக்குள் நுழைந்தோர் யாவர்க்கும் அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. முறைமைக்குரிய கோப்புறையை ஒரு வேளையில் ஒருவரே கையாளலாம் என்ற பூட்டு, பொறுப்பாளர் தொகை பெருகியபோது வசதி கருதி நீக்கப்பட்டிருந்தது. இருவர் ஒரே வேளையில் கோப்புகளைத் திருத்தினர். திருத்தும் செய்நிரலோ தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரையே இட்டது. அதனால் இரு கோப்புகளும் இடம்மாறின. வசதிக்காகத் தளர்த்தப்பட்ட ஒரு விதி எல்லோருடைய இரகசியத்தையும் வெளிப்படுத்திவிட்டது.

1965இல் தொடங்கிய மல்ரிக்ஸ் திட்டம் இக்காப்பினை மேலும் நுணுக்கமாக வகுக்க முயன்றது. ஒவ்வொரு கோப்புக்கும் யார் யார் எதனைச் செய்யலாம் என்ற பட்டியல் வைத்திருப்பது அதன் முறையாகும். அத்திட்டத்திலிருந்து 1969இல் பெல் ஆய்வுகூடம் விலகிற்று. அவ்வாண்டிலேயே அவ்வாய்வுகூடத்தின் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் சிறியதொரு கணனியில் யுனிக்ஸ் முறைமையை ஆக்கத் தொடங்கினர். சிறு இயந்திரத்துக்கு நீண்ட பட்டியல் பொருந்தாது. எனவே சில பிற்றுகளுக்குள் காப்பு முழுவதும் அடக்கப்பட்டது.

அவ்வடக்கமும் படிப்படியாகவே வளர்ந்தது. 1971ஆம் ஆண்டின் முதற் கையேட்டில் உடைமையாளர், ஏனையோர் என்ற இரு பிரிவினரே காணப்படுகின்றனர். வாசித்தலும் எழுதுதலும் இவ்விரு பிரிவினர்க்கும் தனித்தனியே வரையறுக்கப்பட, இயக்குதலுக்கு ஒரு பிற்று மாத்திரமே இருந்தது. 1974இல் தொம்சனும் றிச்சியும் வெளியிட்ட கட்டுரை ஏழு காப்புப் பிற்றுகளைக் குறிப்பிடுகின்றது. அதன் 1978ஆம் ஆண்டுத் திருத்த வடிவம் பத்துப் பிற்றுகளைக் கூறுகின்றது. இடையில் 'குழு' என்னும் மூன்றாம் பிரிவு புகுந்தமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகும். உடைமையாளர், குழு, ஏனையோர் என்ற மூவர்க்கும் வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற மூன்று உரிமைகள், ஆக ஒன்பது. பத்தாவது, ஒரு செய்நிரல் தன்னை இயக்குபவரின் உரிமையுடனன்றித் தன் உடைமையாளரின் உரிமையுடன் இயங்க இடமளிப்பது. றிச்சியின் கண்டுபிடிப்பான இதற்கு 1979இல் காப்புரிமம் வழங்கப்பட்டது. சாதாரண பயனர், தாம் திருத்த இயலாத கோப்பிலுள்ள தம் கடவுச்சொல்லை மாற்ற முடிந்தது இதனாலேயே.

1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸை ஆக்கியபோது யுனிக்ஸின் இவ்வொழுங்கையே பின்பற்றினார். இவ்வாறு பலர்க்குரிய இயந்திரத்தின் சட்டம் ஒருவர்க்குரிய மேசைக் கணனிக்கு வந்துசேர்ந்தது.

இதனை உணர்ந்த தொடக்கநிலையாளர்க்கு மறுப்பின் காரணத்தைத் தேடுவது எளிதாகும். 'எல்எஸ் -எல்' என்ற கட்டளை கோப்பின் உடைமையாளரையும் குழுவையும் ஒன்பது உரிமைகளையும் ஒரே வரியில் காட்டும். தாம் யார், எக்குழுவினர் என்பதை 'ஐடி' என்ற கட்டளை கூறும். பயனர் உடைமையாளராயின் உடைமையாளர்க்குரிய மூன்று பிற்றுகள் மட்டுமே நோக்கப்படும். ஏனையோர்க்கு இருக்கும் உரிமை அவர்க்கு உதவாது. கோப்பில் குறையில்லையெனின் அதற்குச் செல்லும் வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையையும் நோக்கவேண்டும். கோப்புறைக்கு 'இயக்குதல்' என்பது உள்ளே கடந்து செல்லும் உரிமையாகும். வாயிற்கதவு பூட்டியிருக்க உள்ளறை திறந்திருந்து பயனில்லை. கோப்பை அழிக்கும் உரிமையும் பெரும்பாலும் அது இருக்கும் கோப்புறையையே சார்ந்தது.

பலர் அறியாத காரணம் மற்றொன்றுண்டு. மேலாளர் உரிமையுடன் ஒரு தடவை ஆக்கிய கோப்பு மேலாளருக்கே உடைமையாகின்றது. மறுநாள் அதே பயனர் அதனைத் திருத்த முடியாது திகைக்கின்றார். இங்கு வேண்டப்படுவது 'சௌன்' கட்டளையால் உடைமையை மீட்பதேயன்றி உரிமைகளை விரிப்பதன்று.

ஆயினும் தொடக்கநிலையாளர் பலர் 'சிஎச்மொட் 777' என்ற கட்டளையை நாடுகின்றனர். வாசித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 எனக் கூட்டின் 7. மூவர்க்கும் 7 என்பது எல்லாம் எல்லோர்க்கும் என்பதாகும். மறுப்பு மறையலாம், காப்பும் உடன் மறையும். தனியொருவரின் கணனியிலும் அவர் பெயரில் மட்டும் செய்நிரல்கள் இயங்குவதில்லை. வலைச் சேவைகள் முதலியன வேறு பயனர் பெயர்களில் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று பிறர் கைப்படின், 777 திறந்த கதவே அவர்க்கு வழியாகும். தொலைக் கணனியை அணுக உதவும் எஸ்எஸ்எச் செய்நிரல், பிறர் வாசிக்கத்தக்க இரகசியத் திறவுகோலை ஏற்க மறுப்பதும் இது பற்றியே.

1966இல் பூட்டை நீக்கியோர் தீங்கு கருதியவரல்லர். வேலை விரைந்து முடியவேண்டும் என்றே கருதினர். 777 இடுபவரின் கருத்தும் அதுவே. எனவே மறுப்பு அறிவித்தலைக் கண்டவர் முதலில் வினவவேண்டியது, எக்கதவு யாருக்காக மூடப்பட்டுள்ளது என்பதாகும். அதனை அறிந்தபின் அக்கதவை மட்டும், உரியவர்க்கு மட்டும் திறத்தலே முறையாகும்.