கழலை எந்த டாக்டருக்குச் சொந்தம்?

உடலே தன் தைராய்டைத் தாக்குகிறதோ என்ற சந்தேகம் வந்தால் எந்த டாக்டரிடம் போவது? இந்தக் குழப்பத்துக்கு நோயாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. மருத்துவ உலகமே இந்த நோயை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அறுவை சிகிச்சைக்காரர்களின் கணக்கில் வைத்திருந்தது. 1912-இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் அறுவை மருத்துவர், நான்கு பெண்களின் கழுத்திலிருந்து எடுத்த கழலைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். சுரப்பி முழுக்க வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடந்தன. இது தனி நோய் என்று ஜெர்மன் அறுவை சிகிச்சை இதழ் ஒன்றில் எழுதினார். மேற்கில் பலர் அதை ஏற்கவில்லை. ரீடல் கழலை என்ற வேறொரு நோயின் தொடக்கம் என்றே கருதினார்கள். அவரோ சொந்த ஊருக்குத் திரும்பி, ஊர் மருத்துவராக இருந்து, 1934-இல் டைபாய்டில் இறந்துபோனார்.

கழுத்து வீங்கினால்தான் நோய் தெரியும், வெட்டினால்தான் உறுதியாகும் என்றிருந்தவரை அது கத்தி பிடித்தவர்களிடமே இருந்தது. ஆனால் அதன் மறுபாதி பொது மருத்துவர்களுக்கு முன்பே தெரியும். தைராய்டு சுரப்பு குன்றிய பெண்களின் சோர்வையும் முகவீக்கத்தையும் லண்டனில் வில்லியம் கல் 1873-இலேயே விவரித்திருந்தார். 1891-இல் ஜார்ஜ் மரே ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றி அத்தகைய நோயாளியைத் தேற்றினார். வீக்கம் ஒரு துறையில், சோர்வு இன்னொரு துறையில். அன்று கருவிகள் இல்லையே, அவர்களை எப்படிக் குறை சொல்வது என்று கேட்கலாம். நியாயம்தான், ஆனால் பாதி நியாயம். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற புரதம் கூடியிருப்பது 1950-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது; அதன் பொருள்தான் புரியவில்லை. லண்டனில் ஆய்வாளர்கள் டெபோரா டோனியாக்கும் ஐவன் ராய்ட்டும் அறுவை மருத்துவர் ஹட்சனோடு சேர்ந்து வேலை பார்த்த பிறகே, 1956-இல், அது தைராய்டை எதிர்க்கும் ஆன்டிபாடி என்று தெளிந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் பஃபலோவில் ஆய்வாளர்கள் ரோஸும் விடெப்ஸ்கியும் முயல்களில் இந்த நோயை உண்டாக்கிக் காட்டினார்கள். உடல் தன்னைத் தாக்காது என்ற பழைய நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டது.

அப்படியானால் இன்று நேராகச் சுரப்பி நிபுணரான எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடமே போய்விடலாமே என்று தோன்றும். பெரும்பாலும் தேவையில்லை. டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ஆன்டி டி.பி.ஓ. ஆகிய ரத்தப் பரிசோதனைகளை எந்தப் பொது மருத்துவரும் எழுதித் தரலாம். தைராய்டு மாத்திரையின் அளவையும் அவரே சரிசெய்யலாம். ஆன்டிபாடி இருந்தும் சுரப்பு சரியாக இருந்தால், பலருக்கு அவ்வப்போது டி.எஸ்.எச். பார்த்துவந்தாலே போதும். கர்ப்பம், இதய நோய், கழுத்தில் கட்டி, மாத்திரை சாப்பிட்டும் நிலைகொள்ளாத அளவு என்றால் நிபுணர் வேண்டும். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதாமல் அனுப்புகிறவர், அவர் பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டங்கள் இருந்தாலும், இந்த நோய்க்கு உரிய டாக்டர் அல்ல.