மாதிரி ரயில் பெட்டிகளில் தேக்கு வண்ணம்

பிளாஸ்டிக், பித்தளை, தகரம் ஆகியவற்றில் செய்யப்படும் மாதிரி ரயில் பெட்டிகளுக்கு, வார்னிஷ் பூசிய தேக்கு மரத்தின் தோற்றத்தைத் தரும் வண்ணப்பூச்சு முறை. பிரிட்டனின் லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே (எல்.என்.இ.ஆர்., 1923–1947) ஓட்டிய பெட்டிகளை மாதிரியாகச் செய்வோரே இதை அதிகம் கையாளுகின்றனர். மாதிரி ரயில் கலையில் கடினமான பூச்சு என்று பெயரெடுத்தது இது. கைத்திறன் குறைவால் கெடும் மாதிரிகளைவிட, எதைக் காட்ட வேண்டும் என்பதில் தெளிவில்லாமல் கெடும் மாதிரிகளே மிகுதி.

மூலப் பெட்டிகள்

பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த தேக்கைப் பெயின்ட் அடிக்காமல், வார்னிஷ் மட்டும் பூசி ஓடவிடும் வழக்கம், பின்னர் எல்.என்.இ.ஆரில் இணைந்த கிரேட் நார்தர்ன் ரயில்வேயில் வேரூன்றியிருந்தது. தேக்கிலுள்ள இயற்கை எண்ணெய் ஈரத்தைத் தடுக்கும். மரம் எளிதில் சுருங்காது, வளையாது. ஆகவே அதை மறைத்துப் பெயின்ட் அடிக்கத் தேவை எழவில்லை. 1905இல் அந்த நிறுவனத்தின் பெட்டிப் பிரிவுக்குத் தலைமையேற்ற நைஜல் கிரெஸ்லி, 1923இல் எல்.என்.இ.ஆரின் தலைமை இயந்திரப் பொறியாளரானார். 1941இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். அவரோடு தேக்குப் பெட்டியும் புதிய நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோ சென்ற ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’ ரயிலும் இத்தகைய பெட்டிகளோடுதான் ஓடியது.

இப்பெட்டிகளின் பக்கச்சுவர் ஒரே பலகையால் ஆனதன்று. மரச்சட்டத்தின்மேல் சிறு சிறு பலகைகளைப் பொருத்தி, இணைப்புகளைப் பீடிங் எனும் மெல்லிய பட்டையால் மூடியிருப்பார்கள். ஒவ்வொரு பலகையும் வெவ்வேறு மரத்திலிருந்து வந்திருக்கும். ஒன்று தேன் நிறம், பக்கத்திலிருப்பது செம்பழுப்பு, அதற்கடுத்தது இன்னும் கருமை. மறு வார்னிஷ் பூசப் பூச நிறம் கறுக்கும். எஞ்சின் புகை மேலும் கறுக்கவைக்கும். பழுதான பலகையை மாற்றினால் புதியது மட்டும் வெளிறித் தெரியும். ‘தேக்கு நிறம்’ என்று ஒரு டப்பாவில் அடைத்து விற்பதை வாங்கிப் பூசினால் போதாது என்பதற்கு இவ்வளவும் காரணம்.

இரும்புத் தகடு வேய்ந்த பெட்டிகளும் எல்.என்.இ.ஆரில் இருந்தன. அவற்றின்மேல் பணிமனைப் பெயின்டர்கள் கையாலேயே மர ரேகை வரைந்து தேக்கைப் போலாக்கினார்கள். நம்மூரில் இரும்புக் கதவுக்கு மர ரேகை போடும் பெயின்டர்கள் செய்வதும் இதே வேலைதான். அத்தகைய பெட்டியை மாதிரியாகச் செய்பவர், போலியைப் பார்த்துப் போலி செய்கிறார்; அதில் ரேகை சற்றே செயற்கையாகத் தெரிந்தாலும் குற்றமில்லை.

அளவு தரும் சிக்கல்

கிரெஸ்லியின் வழக்கமான தாழ்வாரப் பெட்டியின் உடல் நீளம் 61 அடி 6 அங்குலம், அதாவது ஏறத்தாழ 18.75 மீட்டர். பிரிட்டனில் பரவலாக உள்ள 1:76 அளவில் அது 25 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள மர ரேகை அதே விகிதத்தில் 0.013 மில்லிமீட்டராகச் சுருங்கும். தலைமுடியின் தடிமனில் அது சிறு பங்குதான். மாதிரியை 60 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பது, உண்மைப் பெட்டியைச் சுமார் 46 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் எவருக்கும் ரேகை தெரியாது. பலகைக்குப் பலகை மாறும் நிறமும் வார்னிஷின் ஆழமும்தான் தெரியும். உண்மையான மரச்சீவலை ஒட்டினாலும் இதே காரணத்தால் பொய்யாகத் தோன்றும். அதன் ரேகை மாதிரியின் அளவுக்குச் சுருங்காது.

பூசும் முறை

பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெய்ப் பசையைப் போக்கி, அடிப்பூச்சு கொடுத்தபின், மஞ்சள் சார்ந்த வெளிர் நிறம் ஒன்றை உடல் முழுதும் பூச வேண்டும். பழுப்பில் தொடங்குவது தவறு. வார்னிஷ் பூசிய மரத்தில் ஒளி மேலடுக்கை ஊடுருவி, உள்ளேயுள்ள வெளிர் மரத்தில் பட்டுத் திரும்புகிறது. ஒளி புகாத பழுப்புப் பெயின்ட் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் அந்த ஆழத்தைத் தராது. வெளிர் அடித்தளத்தின் மேல் ஒளி ஊடுருவும் பழுப்பை ஏற்றினால்தான் மரம் உயிர்பெறும்.

அடித்தளம் சற்றே பளபளப்பாக இருந்தால் தூரிகை வழுக்கிச் செல்லும். அது அக்ரிலிக்காக இருப்பது நல்லது. மேலே பூசும் எண்ணெய் வண்ணத்துக்கான கரைப்பான் நன்கு காய்ந்த அக்ரிலிக்கைக் கரைக்காது. கோடு தவறினால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம்.

ஓவியர்கள் பயன்படுத்தும் எண்ணெய் வண்ணங்களில் சுட்ட சியன்னா முதன்மையானது. சுட்ட அம்பரைச் சிறிதளவு சேர்க்கலாம். இரண்டும் இரும்பு ஆக்சைடு கொண்ட மண் நிறங்கள். அம்பரில் மாங்கனீஸும் இருப்பதால் அது கருமை காட்டும். குழாயிலிருந்து அட்டைத் துண்டின்மேல் பிழிந்து சிறிது நேரம் விட்டால் அதிகப்படி எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். பூச்சு விரைவில் காயும். தட்டைத் தூரிகையால் மிகக் குறைவாக எடுத்து, காகிதத்தில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் பலகை பலகையாக இழுக்க வேண்டும். பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பில் போவதுதான் தொடக்கநிலையாளர் செய்யும் பெரும் பிழை. சிறு பலகைகளால் ஆன சுவரில் ஒரே ரேகை முழு நீளத்துக்கும் ஓடாது. ரேகை மரத்துண்டின் நீளவாக்கில் ஓடும் என்பதால் சன்னல்களுக்கு இடைப்பட்ட தூண்களில் மேலிருந்து கீழாகவும், குறுக்குப் பட்டைகளில் கிடையாகவும் இழுக்க வேண்டும். அகன்ற பலகைகளுக்கு மூலப் பெட்டியின் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தூரிகை பீடிங்கின் மேல்முகத்தைத் துடைத்துக்கொண்டு அதன் ஓரத்தில் வண்ணத்தைத் தேக்கிவிடும். அதைச் சுத்தம் செய்ய வேண்டாம். உண்மைப் பெட்டியிலும் அழுக்கு அங்கேதான் தங்கும்.

முதல் சுற்று காய்ந்தபின் சில பலகைகளை மட்டும் தேர்ந்து செம்மையோ கருமையோ ஏற்றுவதே முழு வேலையின் உயிர்நிலை. இங்கே அடக்கம் வேண்டும். வேறுபாடு மிகுந்தால் பெட்டி சதுரங்கப் பலகையாகிவிடும். பிறகு துளி செம்பழுப்பு கலந்த பளபளப்பு வார்னிஷ் ஒரு கை பூசினால் பலகைகள் ஒன்றோடொன்று இணங்கும்.

எழுத்துகளையும் எண்களையும் இந்தப் பளபளப்பின் மேல்தான் ஒட்ட வேண்டும். மங்கல் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல் மின்னும். 1950இல் தோன்றிய வரலாற்று மாதிரி ரயில் சங்கம் இவற்றுக்கான ஒட்டெழுத்துகளை வெளியிட்டுள்ளது. சிவப்பு ஓரமிட்ட வெளிர்மஞ்சள் கோடுகளை கோடு போடும் பேனாவால் கையாலேயே இழுப்போரும் உண்டு. கடைசியில் அரைப் பளபளப்பு வார்னிஷ். முழுப் பளபளப்பை அப்படியே விட்டால் பொம்மையாகத் தெரியும். கூரை புதிதில் வெள்ளை. ஓடத் தொடங்கியபின் புகையேறிச் சாம்பல்.

ஆலைத் தயாரிப்புகள், பிற ரயில்வேக்கள்

1938இல் அறிமுகமான ஹார்ன்பி டப்லோ மாதிரி ரயில் வரிசை, தகரத்தின் மீது தேக்குத் தோற்றத்தை அச்சிட்டு விற்றது. தட்டையான தகரமானாலும் அந்த அச்சின் நிறம் இன்றும் கண்ணுக்கு இதமானது. பிற்காலப் பிளாஸ்டிக் பெட்டிகளில் பீடிங் புடைத்து நின்றது. ஆனால் அவற்றில் சிலவற்றின் ரேகை பெரிதாகவும் ஒரே சீராகவும் போய்விட்டது. அவற்றின்மேல் சியன்னா ஒரு சுற்று ஏற்றினாலே பெரும் மாற்றம் தெரியும்.

லண்டன் மெட்ரோபாலிடன் ரயில்வேயும் வார்னிஷ் தேக்குப் பெட்டிகளை ஓட்டியது. ஐரோப்பாவின் வேகன்-லீ நிறுவனத்தின் தூங்கும் பெட்டிகளும், 1922இல் நீல நிற எஃகுப் பெட்டிகள் வரும்வரை தேக்கில்தான் இருந்தன. முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே. பலகை அமைப்பு மட்டும் மாறும்.

பூசத் தொடங்குமுன் எந்த ஆண்டின் பெட்டி என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எல்.என்.இ.ஆர். வார்னிஷைக் கைவிட்டுப் பல பெட்டிகளுக்கு வெறும் பழுப்புப் பெயின்ட் அடித்தது. 1949 முதல் பிரிட்டிஷ் ரயில்வேஸின் சிவப்பும் வெண்மஞ்சளும் ஏறின. பிரிட்டனின் பாரம்பரிய ரயில்வேயான செவர்ன் வேலி ரயில்வேயில் இன்று ஓடும் தேக்குப் பெட்டித் தொடர் ஆர்வலர்களின் உழைப்பால் பொன்னிறமாக மின்னுகிறது. தினசரி ஓட்டத்தில் புகையேறிய 1930களின் பெட்டியைச் செய்பவர் அதைவிட ஒரு படி கறுப்பாகவே பூச வேண்டும்.