பூங்கா மரங்களும் லண்டன் காற்றும்

கிழக்கு லண்டனில் விக்டோரியா பூங்கா 1845-இல் திறக்கப்பட்டதே நல்ல காற்றுக்காகத்தான். அந்தப் பகுதிக்கு ஒரு பூங்கா அமைந்தால் ஆண்டுக்குப் பல ஆயிரம் சாவுகள் குறையும் என்று புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் 1839-இலேயே எழுதியிருந்தார். நோயெல்லாம் கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பிய காலம் அது. காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாகக் கரியமில வாயுவை அளந்தார்கள். அப்படி ஊர் ஊராக அளந்த வேதியியலாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித்தின் நூல் 1872-இல் வெளிவந்தது. அதன்படி லண்டன் பூங்காக்களின் காற்றில் பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ மூன்று பங்கு கரியமில வாயு இருந்தது. தெருக்களில் நான்கை நெருங்கியது. மிச்சத்தை மரங்கள் உறிஞ்சிவிட்டன என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் அதே நூல் வேறொன்றையும் காட்டுகிறது. மான்செஸ்டர் தெருக்களில் சாதாரண நாளில் நான்கு பங்காக இருந்தது, மூடுபனி நாளில் ஏழை நெருங்கியது. ஊர் அதே ஊர், புகைபோக்கிகளும் அவையே. காற்றுதான் அசையாமல் நின்றுவிட்டது. பூங்காவின் கணக்கும் இப்படித்தான். அங்கே அடுப்பில்லை, நெரிசலில்லை, காற்று தடையின்றி வீசுகிறது. வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசும் மென்காற்றுகூட ஒரு கிலோமீட்டர் பூங்காவை எட்டே நிமிடத்தில் கடந்துவிடும். அதற்குள் இலை எவ்வளவுதான் எடுத்துக்கொள்ள முடியும்? இரவில் மரமும் அதே வாயுவைத்தான் வெளிவிடுகிறது. லண்டன் குளிர்காலத்திலோ பெரும்பாலான மரங்களில் இலையே இல்லை.

மரம் கரிமத்தைச் சேர்த்துவைக்கவில்லையா என்று கேட்கலாம். சேர்க்கிறது, காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம்தான். வளர்ந்த மரம் ஆண்டுக்குச் சுமார் 22 கிலோ கரியமில வாயுவை இழுக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பத்து லிட்டர் பெட்ரோல் எரிந்தால் அதைவிடச் சற்று அதிகமாகவே வெளியேறிவிடும். அதற்காகப் பூங்கா வீண் என்று சொல்ல வரவில்லை. நிழலும் குளிர்ச்சியும் மழைநீர் இறங்க மண்ணும் தருவதே அதற்குப் போதுமான நியாயம். பொய்க் கணக்கு எதற்கு? ஃபார் எதிர்பார்த்த சாவுக் குறைவிலும் பெரும்பங்கு பின்னால் வந்த பாதாளச் சாக்கடைக்கும் சுத்தமான குடிநீருக்கும் உரியது. லண்டன் காற்றைப் பொறுத்தவரை, 1952 டிசம்பர் பெரும்புகையில் ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1956-இல் வந்த தூய காற்றுச் சட்டம்தான் வீட்டுக் கணப்பின் நிலக்கரியில் கைவைத்தது. அதுவும் கரும்புகையைத்தான் குறிவைத்தது. ஸ்மித் அளந்த வாயுவை அது குற்றவாளியாகப் பார்க்கவில்லை.