முதல் பங்கு பிள்ளைக்கு

1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை நான் எழுதிய பதிவேடுகளில் அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாம் கிராம் கணக்கில் இருக்கும். ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளைகள் வீட்டில் எதைத் தின்று வளர்ந்தார்கள் என்று எழுத அதில் பத்தி கிடையாது. எலி, ஈசல், முயல், உடும்பு, நத்தை, நண்டு என்று ஒரு பட்டியலே அங்கு விட்டுப்போயிருக்கிறது. அது பழைய பட்டியல். சத்துணவைவிட மட்டுமல்ல, எங்கள் ஊர்க் கோயிலைவிடவும் பழையது.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்னும் வேடர் வீட்டுப் பெண்கள் வருகிறார்கள். இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பு நிலத்தைக் கிண்டிப் புல்லரிசி எடுக்கிறார்கள். அதே பாட்டில், நாய் பிடித்துவந்த சினை உடும்பை வறுத்துச் செந்நெல் சோற்றோடு விருந்தாளிக்குப் போடுகிறார்கள். புறநானூற்றின் 119ஆம் பாட்டில் கபிலர், பாரி ஆண்ட நாட்டின் வளத்தை நினைக்கும்போது புற்றீசலை மோரில் புளிக்கவைத்துச் சமைத்ததைச் சொல்கிறார். அன்று இது பஞ்சத்துக்குத் தின்றது அல்ல. பாடும் அளவுக்குப் பெருமையான சோறு. அந்த எயினர்தான் இந்த இருளர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நிலம் அதே தொண்டை நாடு. இரும்பு முனை வைத்த கோலும் கடப்பாரையாக இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

தை பிறந்து சம்பா அறுப்பு முடிந்தால் கடப்பாரைக்கு வேலை வரும். நெல் தின்று கொழுத்த வரப்பெலியும் வெள்ளெலியும் அப்போதுதான் கறிக்கு ஆகும். வளையின் வாயில் புதுமண் இருக்கிறதா, சிலந்தி நூல் கட்டியிருக்கிறதா என்று பார்த்தே உள்ளே ஆள் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். மற்ற வாய்களை எல்லாம் மண் வைத்து அடைத்துவிட்டு, அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, ஒரு வாயில் கவிழ்த்து ஊதுவார்கள். புகை உள்ளே போய் எலி மயங்கும். ஊதுகிறவரின் நெஞ்சிலும் அதே புகைதான் போகும். அந்தக் குடியிருப்பில் ஆண்களுக்கு இருமல் ஓயாததற்கு அது ஒரு காரணம்.

மண்ணைப் பெயர்த்தால் எலியோடு கூட அது பதுக்கிய நெற்கதிரும் கிடைக்கும். நிலத்துக்காரர்கள் பெரும்பாலும் அந்த நெல்லை எடுத்துக்கொள்ள விட்டுவிடுவார்கள். வரப்பை மறுபடி கட்டிவிட்டுப் போனால் போதும். ஒரே குழியில் சோறும் குழம்பும்.

வளை வாயில் காவல் நிற்பது பிள்ளைகள் வேலை. தப்பி ஓடுகிற எலியை அமுக்குவதற்குச் சின்னக் கையும் சின்னக் காலும்தான் தோது. வீட்டுக்கு வந்ததும் எலியைத் தீயில் வாட்டி, மயிரைச் சுரண்டி, குடலை எடுத்து, மஞ்சள் தடவுவார்கள். பெரியதெல்லாம் மிளகாய் அரைத்த குழம்புக்குப் போகும். சின்னதைக் கங்கில் சுட்டு, ஈரலைத் தனியாக எடுத்து, பல் முளைத்த குழந்தைக்குப் பிசைந்து ஊட்டுவார்கள். வீட்டெலியைத் தொட மாட்டார்கள். “அது சாக்கடைல பொறளுது டீச்சர், இது நெல்லு துன்னது. இத்தத் துன்னா புள்ளைக்குச் சளி அண்டாது” என்று ஒரு பாட்டி எனக்கு விளக்கினாள்.

மழைக்காலம் வந்தால் ஈசல். புற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, மேலே தழை போட்டு, உள்ளே விளக்கு வைத்தால் வெளிச்சத்துக்கு வந்து விழும். காலையில் வெயிலில் காயவைத்து முறத்தில் புடைத்தால் இறக்கை பறந்துவிடும். மிச்சத்தைப் பொரியோடும் வேர்க்கடலையோடும் வறுத்தால், பிள்ளைகளின் கால்சட்டைப் பையில் ஒரு வாரத்துக்குத் தின்பண்டம். அதிகம் தின்றால் வயிறு பிடுங்கும் என்பதால் கைப்பிடி அளவு போட்டுக் கொடுப்பாள் பாட்டி.

இதையெல்லாம் அவர்கள் வழக்கம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. நாங்கள் குடியானவர்கள். எங்கள் வீட்டிலும் எனக்குச் சளி பிடித்தால் அம்மா வயல் நண்டை இடித்து ரசம் வைப்பாள். மழைக்கால முதல் ஈசலுக்கு நாங்களும் முறத்தோடு ஓடியிருக்கிறோம். கவுதாரி விற்க ஆள் வந்தால் அப்பா வாங்கிவிடுவார். நண்டு மருந்து என்றும், கவுதாரி ருசி என்றும், எலி மட்டும் இழிவு என்றும் ஊர் ஒரு கோடு போட்டு வைத்திருந்தது. அந்தக் கோட்டுக்கும் கறிக்கும் சம்பந்தமில்லை. பிடிக்கிறவர் யார் என்பதுதான் கணக்கு.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். இருளருக்கு முதல் அடி சாப்பாட்டில் விழவில்லை, வருமானத்தில் விழுந்தது. பாம்புத்தோல் வியாபாரம் ஒடுங்கிப்போய், 1976இல் ஏற்றுமதியும் தடையானது. இரண்டு வருடம் கழித்து, 1978இல், பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடும் தொழில் அது. உறுப்பினர்களுக்கு அது சோறு போட்டது. மற்றவர்கள் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் போனார்கள். அவர்கள் வீடுகளில் கறி என்றால் வளையில் கிடைப்பதுதான் என்ற நிலை இன்னும் இறுகியது.

சட்டம் எலியை விட்டுவைத்தது. பயிருக்குக் கேடு செய்யும் உயிர்கள் என்று ஐந்தாம் அட்டவணையில் போட்டு, கொல்ல அனுமதித்தது. (அந்த அட்டவணையே 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் போய்விட்டது.) முயலும் கவுதாரியும் நான்காம் அட்டவணையில் இருந்தன. உரிமம் வாங்கி வேட்டையாடலாம் என்றிருந்த வழியும் 1991இல் அடைபட்டது. உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் 3 வருடத்திலிருந்து 7 வருடம்வரை சிறை. மெலிந்த பிள்ளைக்கு உடும்புக் கறி போட்டால் தேறும் என்று நம்பிய ஊரில், அதற்குப் பிறகு அந்தப் பெயரையே தாழ்ந்த குரலில்தான் சொன்னார்கள்.

சட்டத்தின் 39ஆம் பிரிவு இன்னும் விசித்திரமானது. செத்துக் கிடக்கும் வனவிலங்கும் அரசாங்கத்தின் சொத்து என்கிறது. கையில் எடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் விடியற்காலை லாரியில் அடிபட்டுக் கிடக்கும் முயல்கூட அரசாங்க முயல்தான். அதை எடுத்தவர்களும் உண்டு. ஆனால் குடியிருப்புக்குள் அதற்கென்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது: “கண்ணு குழிஞ்சிருந்தா தொடாத. எறும்பு ஏறியிருந்தா தொடாத. வண்டில அடிபட்டதுல பித்து ஒடஞ்சிருக்கும், கறி கசக்கும். நல்லாக் கீதுன்னாலும் பெரியவங்கதான் துன்னணும். எப்ப செத்துச்சின்னு தெரியாதத புள்ளைக்குப் போடக் கூடாது.”

அந்த வழக்கத்தின் முதுகெலும்பே இதுதான் என்று எனக்குப் பிறகுதான் தெளிந்தது. கண் முன்னால் பிடித்த உயிரில் முதல் பங்கு பிள்ளைக்கு. சந்தேகமான பங்கு பெரியவர்களுக்கு. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கண்டதையெல்லாம் பிள்ளைக்குப் போடுகிறார்கள் என்றார்கள். அங்கே கண்டது எதுவும் பிள்ளைக்குப் போனதில்லை. ஒன்றொன்றும் மூப்பர் கை பட்டு, மோந்து பார்த்து, தேறிய பிறகே போயிற்று.

பள்ளிக்கூடத்தில் இந்த விவரம் யாருக்கு வேண்டும்? புகை வாசனையோடு வந்த பையன் பக்கத்தில் உட்கார மற்ற பிள்ளைகள் மறுத்தார்கள். “எலி” என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டால் கத்திரிக்காய் என்று சொல்ல அவன் பழகிக்கொண்டான். 1989இல் சத்துணவில் 15 நாளுக்கு ஒரு முட்டை வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, 2010இல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை என்றானது. எல்லாத் தட்டிலும் ஒரே முட்டை விழுந்த நாளில், அந்தப் பையனுக்குக் கிடைத்தது சத்து மட்டுமல்ல. ஒளிக்க வேண்டியிராத சாப்பாடு. இந்தத் திட்டத்தில் நான் கண்ட நன்மைகளில் அதை முதலில் வைப்பேன்.

ஆனால் முட்டை வந்ததால் எலி நின்றது என்று சொன்னால் அது தவறான வரலாறு. முட்டை மதியத்துக்கு, எலி இரவுக்கு. இரண்டும் பல வருடம் கூடவே ஓடின. அவமானத்தாலும் நிற்கவில்லை, மறைவாக நடந்தது. நிறுத்தவைத்தது மருந்து. வயல்காரர்கள் கூலிக்கு ஆள் வைத்து எலி பிடிப்பதை விட்டுவிட்டு, கடையில் விற்ற ஜிங்க் பாஸ்பைடு கறுப்புப் பொடியை அரிசியில் கலந்து வைக்கத் தொடங்கினார்கள். அதைத் தின்ற எலி சீக்கிரம் செத்துவிடும், ஒதுக்கிவிடலாம். பிறகு வந்த புரோமாடியோலோன் கட்டிகள் வேறு ரகம். தின்ற எலி உடனே சாகாது. சில நாள் ஓடித் திரிந்துவிட்டு, உள்ளே ரத்தம் கசிந்து சாகும். வளையிலிருந்து துடிப்பாக வெளியே வரும் எலியின் வயிற்றில் மருந்து இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தோ மோந்தோ கண்டுபிடிக்கிற வித்தை எந்த மூப்பரிடமும் இல்லை.

2023இல் இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பாம்பு பிடிக்கும் திறமைக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டியவர்கள் அவர்கள். தடம் பார்த்து உயிர் அறியும் அதே அறிவுதான் பிள்ளையின் தட்டுக்கும் காவலாக இருந்தது. பாம்பு விஷயத்தில் நாடு அதற்கு விருது கொடுத்துவிட்டது. அடுப்படி விஷயத்தில் அதை அறிவென்று யாரும் எண்ணவே இல்லை. மருந்து வைத்த வயல் எது, எந்தத் தேதியில் வைத்தது என்று ஊரில் ஒரு வார்த்தை சொல்லும் வழக்கம்கூட வரவில்லை.

உடும்பை நிறுத்தியது சட்டம். எலியை நிறுத்தியது, எனக்குத் தெரிந்த குடியிருப்பில், அந்தப் பாட்டிகளேதான். உயிரோடு பிடித்த எலியும் சந்தேகமான பங்காகிவிட்ட பிறகு, அவர்கள் வைத்திருந்த பழைய விதிப்படி அதைப் பிள்ளைக்குப் போட வழியில்லை.