எர்லாங்கின் காத்திருப்புக் கணக்கும் கிளைன்ராக்கின் எடுகோளும்

தகவல்தொடர்பு வலைகளில் நேரும் தாமதத்தைக் கணிதத்தால் அளக்கும் முயற்சி கணினியோடு தோன்றியதன்று. கோபன்ஹேகன் நகரத் தொலைபேசிக் கம்பெனியில் அது உருப்பெற்றது. டென்மார்க்கின் லோன்போர்க் என்னும் சிற்றூரில் 1878இல் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு மகனாகப் பிறந்த ஆக்னர் கிராரூப் எர்லாங், தாமும் சில ஆண்டுகள் ஆசிரியப்பணி புரிந்தபின், 1908இல் அக்கம்பெனியில் சேர்ந்தார். அங்கு உயர்பதவி வகித்த யோகான் யென்சன் அவருக்கு வழிகாட்டினார். குவிவுச் சார்புகளுக்குரிய சமனிலியால் கணித உலகம் அறிந்த யென்சன் இவரே.

அக்காலத்தில் பெண் ஊழியர்கள் கையால் இணைப்பு வழங்கினர். எத்தனை தடங்கள், எத்தனை ஊழியர்கள் போதும் என்பதே கம்பெனியின் வினா. அழைப்புகள் ஒன்றையொன்று சாராது வருமாயின் அவற்றின் எண்ணிக்கை பாய்சான் பரவலில் அமையும் என 1909இல் எர்லாங் நிறுவினார். 1917இல் அழைப்பிழப்பு, காத்திருப்பு ஆகிய இரண்டிற்கும் வாய்பாடுகள் தந்தார்.

இவ்வழிக் கணக்கின் விளைவு வியப்புக்குரியது. வருகை தற்செயலாகவும் சேவைநேரம் அடுக்குக்குறிப் பரவலிலும் அமைந்த ஒற்றைத் தடத்தைக் கொள்வோம். சுமை 50 விழுக்காடாயின் சராசரிக் காத்திருப்பு ஒரு சேவைநேரத்திற்குச் சமம். 90 விழுக்காட்டில் அது ஒன்பது மடங்கு, 95இல் பத்தொன்பது மடங்கு. எவரும் மெத்தனமாக இல்லாதபோதும் வரிசை நீளும் என்பதே இதன் பொருள். தாமதத்திற்கு ஊழியரையே குறைகூறும் வழக்கத்திற்கு இதனினும் வலிய மறுப்பு இருத்தல் அரிது.

ஒரு தடத்தினின்று வலைக்குச் செல்லுகையில் சிக்கல் மிகுந்தது. ஒரு செய்தி நிலையந்தோறும் தன் நீளத்தை மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே முதல் தடத்தில் நெடுநேரம் எடுத்த செய்தி அடுத்த தடத்திலும் அவ்வாறே எடுக்கும். வருகை இடைவெளியும் சேவைநேரமும் பிணைந்துவிடும். எம்.ஐ.டி.யில் 1962ஆம் ஆண்டு ஆய்வேட்டில் லெனார்ட் கிளைன்ராக் இதனைத் துணிவுடன் கடந்தார்: ஒவ்வொரு நிலையத்திலும் செய்தியின் நீளம் புதிதாகத் தெரிவு செய்யப்படுவதாகக் கொண்டார். உண்மைக்குப் புறம்பான எடுகோள்தான். எனினும் பல ஓடைகள் கலக்கும் வலைகளில் அது பெரிதும் பொருந்துவதை அவருடைய கணினிப் பாவனைகள் காட்டின. பிந்தைய வலை வடிவமைப்பு இவ்வெடுகோளுக்குப் பட்ட கடன் சிறிதன்று.

பாய்சான் எடுகோளுக்கோ சோதனை வேறு திசையிலிருந்து வந்தது. பெல்கோர் ஆய்வகத்தில் 1989 முதல் 1992 வரை திரட்டிய ஈதர்நெட் பதிவுகளை ஆராய்ந்த லேலண்ட், தக்கு, வில்லிங்கர், வில்சன் நால்வரும் 1993இல் தம் முடிவை வெளியிட்டனர். நேர அலகைப் பெருக்கினும் தரவுப்போக்கின் ஏற்றஇறக்கம் சமப்படவில்லை. நொடியில் கண்ட குமுறல் மணிக்கணக்கிலும் தெரிந்தது. எர்லாங் அளந்தது மனிதர் பேச்சை. அவர்கள் அளந்தது இயந்திரங்களின் பரிமாற்றத்தை.